சாவா மூவாப் பேராடு: ஓர் அறிவியல் புனைகதை இதழ் மூடப்பட்ட கதை

2005 நவம்பரில் 'ஸைஃபிக்ஷன்' என்ற இணைய இதழை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. டிசம்பரோடு புதுக்கதைகள் நின்றன. அதற்கு மூன்று மாதம் முன்னால்தான், ஆகஸ்டில், கிளாஸ்கோவில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் அந்த இதழ் சிறந்த இணையதளத்துக்கான ஹ்யூகோ விருதை வாங்கியிருந்தது. அதன் ஆசிரியர் எலன் டாட்லோவுக்கும் சிறந்த ஆசிரியருக்கான ஹ்யூகோ கிடைத்திருந்தது. ஆகஸ்டில் மேடை, நவம்பரில் பூட்டு.

இந்தக் கதையை இப்போது ஏன் எடுக்கிறேன் என்றால், இணையத்தில் தமிழ்க்கதை எழுதுகிற, படிக்கிற நம் எல்லாருடைய கதையும் இதற்குள் இருக்கிறது. அந்த இதழ் ஏன் மூடப்பட்டது என்பதைவிட, மூடிய பிறகு அதில் வந்த கதைகளுக்கு என்ன ஆனது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் இதழைப் பற்றிக் கொஞ்சம். 2000-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கியது. அமெரிக்காவில் அறிவியல் புனைகதைப் படங்களும் தொடர்களும் காட்டிய 'ஸை ஃபை' தொலைக்காட்சிச் சானலின் இணையதளத்துக்குள் அது ஒரு பகுதி. வாரம் ஒரு புதுக்கதை. கூடவே பழைய நல்ல கதைகளில் சில மறுபிரசுரம். வாசகன் ஒரு பைசா கட்ட வேண்டாம். எழுதுகிறவருக்கு மட்டும் ஒரு சொல்லுக்கு 20 சென்ட். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் சங்கம் 2004-இல் உயர்த்தி வைத்த குறைந்தபட்சத் தொகையே சொல்லுக்கு 5 சென்ட்தான் என்று சொன்னால், இது எவ்வளவு பெரிய தொகை என்று புரியும். அச்சு இதழ்கள் எதுவும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது.

காசு கொடுத்தால் மட்டும் நல்ல கதை வந்துவிடாது. ஆனால் இங்கே வந்தது. லிண்டா நகாட்டா எழுதிய 'காடஸஸ்' என்ற குறுநாவல் நெபுலா விருது வாங்கியது. இணையத்தில் மட்டுமே வெளியான படைப்பு ஒன்று நெபுலா வாங்கியது அதுவே முதல்முறை. ஆண்டி டங்கனின் கதைக்கு உலக மிகுபுனைவு விருது. ஜெஃப்ரி ஃபோர்டின் 'த எம்பயர் ஆஃப் ஐஸ்கிரீம்' இன்னொரு நெபுலா. லூசியஸ் ஷெப்பர்டுக்கு ஸ்டர்ஜன் விருது. 'நெட்டுல வர்றதெல்லாம் இலக்கியமா?' என்று கேட்டுக்கொண்டிருந்த ஆட்களின் வாயை ஐந்தரை ஆண்டில் அடைத்த இதழ் அது.

அப்புறம் ஏன் மூடினார்கள்? சானலுக்கு இதழ் ஓர் அலங்காரம். வீட்டு வாசலில் வைக்கிற குத்துவிளக்கு மாதிரி. கதைகளுக்குத் தனி வருமானம் கிடையாது. சானலின் உரிமை அந்த ஐந்தாண்டில் கைமாறிக் கைமாறி 2004-இல் என்பிசி யுனிவர்சல் என்ற பெருநிறுவனத்துக்குள் போய்ச் சேர்ந்தது. பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: நிர்வாகம் மாறினால் முதலில் ஒரு எக்செல் தாள் திறக்கப்படும். அதில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே செலவு ஒரு கட்டம், வரவு ஒரு கட்டம். விருதுக்குக் கட்டம் கிடையாது.

எலன் டாட்லோவுக்கு இது புதுசும் இல்லை. 'ஆம்னி' என்ற புகழ்பெற்ற அறிவியல் மாத இதழின் புனைகதை ஆசிரியராக 1981-இலிருந்து இருந்தவர் அவர். வில்லியம் கிப்சனின் ஆரம்பகாலச் சிறுகதைகள் அதில்தான் வந்தன. 1995-இல் ஆம்னியின் அச்சுப் பதிப்பு நின்றது. இணையத்தில் தொடர்ந்தார்கள். 1998-இல் அதுவும் நின்றது. உடனே டாட்லோவும் ஆம்னியில் உடனிருந்த சிலரும் 'ஈவண்ட் ஹொரைசன்' என்ற இணைய இதழை ஆரம்பித்தார்கள். கெல்லி லிங்க்கின் 'த ஸ்பெஷலிஸ்ட்ஸ் ஹேட்' அதில் வந்து உலக மிகுபுனைவு விருது வாங்கியது. அந்த இதழும் 1999-ஐத் தாண்டவில்லை. மூன்றாவது ஸைஃபிக்ஷன். பத்தாண்டுக்குள் ஒரே ஆசிரியர் காலடியில் மூன்று இணைய இதழ்கள் இல்லாமல் போயின. அவர் அசரவில்லை. இன்றுவரை கதைகள் தேர்ந்தெடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

மூடல் அறிவிப்பு வந்ததும் வாசகர்கள் ஒரு காரியம் செய்தார்கள். இதழில் வந்திருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட கதைகளின் பட்டியலை எடுத்தார்கள். ஆளுக்கு ஒரு கதை. அந்தக் கதை ஏன் தனக்கு முக்கியம் என்று ஒரு பாராட்டுக் குறிப்பு எழுத வேண்டும். எழுத்தாளர்களும் வாசகர்களுமாக எழுதினார்கள். துக்க வீட்டில் ஒப்பாரி வைப்பதற்குப் பதில், இறந்தவரைப் பற்றி ஆளுக்கொரு நல்ல சேதி சொல்வது போல.

2007-இல் சானல் அந்தப் பழைய பக்கங்களையும் எடுத்துவிட்டது. அதாவது இதழ் இரண்டு தடவை செத்தது. 2005-இல் புதுக்கதை நின்றது, 2007-இல் பழைய கதையும் போனது. முதல் சாவுக்கு எல்லாரும் வந்தார்கள். இரண்டாவதுக்கு அவ்வளவு கூட்டமில்லை. இணைய இதழ்கள் எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு சாவு உண்டு. நாம் பேசுவது எப்போதும் முதலாவதைப் பற்றி.

ஆனாலும் அந்தக் கதைகளில் பெரும்பாலானவை இன்றைக்குக் கிடைக்கின்றன. காரணம் மூன்று. ஒன்று, ஆண்டுக்கொருமுறை வருகிற சிறந்த கதைத் தொகுப்புகள் அவற்றில் பலவற்றை அச்சில் எடுத்து வைத்துவிட்டன. இரண்டு, எழுத்தாளர்கள் தங்கள் தொகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். ஜெஃப்ரி ஃபோர்டு அந்த ஐஸ்கிரீம் கதையின் பெயரையே ஒரு தொகுப்புக்கு வைத்தார். மூன்று, அமெரிக்காவில் புரூஸ்டர் கேல் 1996-இல் தொடங்கிய இணையக் காப்பகம் அந்தப் பக்கங்களை நகலெடுத்து வைத்திருந்தது. இந்த மூன்றுமே இதழுக்கு வெளியே இருந்தவர்கள் செய்த வேலை.

இதே காலத்தில் நாம் எங்கே இருந்தோம்?

நான் அருப்புக்கோட்டையில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் எங்கள் ஊர். பெரும்பாலும் மானாவாரி. கண்மாய் பெருகினால் நெல், இல்லாவிட்டால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவது. திருச்சுழி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரமண மகரிஷி பிறந்த ஊர். எங்களுக்கு, குண்டாற்றில் தண்ணீர் வந்தால் பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கிற ஊர். இந்தப் பக்கத்திலிருந்து எழுத வந்தவர்கள் குறைவில்லை. மல்லாங்கிணறு எங்களுக்கு எட்டிவிடும் தூரம்தான், எஸ். ராமகிருஷ்ணன் அந்த ஊர்க்காரர். தெற்கே கோவில்பட்டியிலிருந்து கோணங்கி 'கல்குதிரை' கொண்டுவந்தார். கரிசலில் எழுத்துக்குப் பஞ்சமில்லை, தண்ணிக்குத்தான்.

ஆனால் அறிவியல் புனைகதை என்றால் எங்களுக்கு சுஜாதா மட்டும்தான். 'என் இனிய இயந்திரா'வும் 'மீண்டும் ஜீனோ'வும் கிளை நூலகத்தில் அட்டை கிழிந்து, நூல் போட்டுத் தைத்து, மறுபடி கிழிந்து கிடக்கும். அவர் இணையத்திலும் இருக்கிறார் என்று தெரிந்தது பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில்தான். மணிக்கு 20 ரூபாய். 'அம்பலம்' என்ற இணைய இதழுக்கு சுஜாதா ஆசிரியராக இருந்தார். வாராவாரம் வாசகர்களோடு அரட்டையும் அடித்தார். 'திண்ணை' இருந்தது. ஜெயமோகன் பிறகு 'விசும்பு' என்று தொகுத்த அறிவியல் புனைகதைகளைத் திண்ணையில் எழுதினார். 'மரத்தடி' என்ற யாஹூ குழுமமும் திண்ணையும் சேர்ந்து அறிவியல் புனைகதைப் போட்டி ஒன்று நடத்தின. சுஜாதாதான் நடுவர். அந்தக் கதைகள் 'எதிர்காலம் என்று ஒன்று' என்ற பெயரில் எனி இந்தியன் பதிப்பகம் வழியாகப் புத்தகமாகவும் வந்தன.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். சுஜாதா அம்பலத்தில் எழுதியவற்றில் கணிசமானவை புத்தகத்துக்குள் போய்விட்டன, காரணம் அவர் சுஜாதா. 'விசும்பு' புத்தகமானது, காரணம் அவர் ஜெயமோகன். போட்டிக் கதைகள் புத்தகமாயின, காரணம் ஒரு பதிப்பகம் முன்வந்தது. திண்ணை தன் பழைய பக்கங்களைத் தானே காப்பாற்றி வைத்தது. மற்றவை? அமெரிக்காவில், கனடாவில், சிங்கப்பூரில், ஐரோப்பாவில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு உட்கார்ந்து கதை எழுதிய நூற்றுக்கணக்கான பேர்? அவர்கள் எழுதியது எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. பாதி சுஜாதா நகல். ஆனால் ஒரு மொழியில் ஒரு வகை எழுத்து வளர்கிறது என்றால், அந்தப் பாதி நகல்களும் சேர்ந்துதான் வளர்கிறது. நாளைக்கு ஒருவர் தமிழ் அறிவியல் புனைகதையின் வரலாறு எழுத உட்கார்ந்தால், சுஜாதாவிலிருந்து நேராக 2018-இல் தொடங்கிய 'அரூ'வுக்கும் அதன் அறிவியல் சிறுகதைப் போட்டிகளுக்கும் தாவ வேண்டியிருக்கும். நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் யாரும் எழுதாமல் இல்லை. எழுதியது இல்லாமல் போய்விட்டது.

அது எப்படிப் போனது என்பதில் நம் கதை அமெரிக்கக் கதையிலிருந்து விலகுகிறது. இங்கே என் தொழில் கொஞ்சம் உதவும்.

நம் எழுத்துகள் இரண்டு முறை சாகவில்லை, மூன்று முறை செத்தன. மூன்றாவது சாவுக்குப் பெயர் குறியேற்றம். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்று ஓர் ஒப்பந்தம் வேண்டும். ஆங்கிலத்துக்கு அந்த ஒப்பந்தம் முன்பே இருந்தது. தமிழுக்கு 90-களின் கடைசியில் ஆளுக்கொன்று. ஒருவர் டிஸ்கி, இன்னொருவர் டாப், இன்னொருவர் டாம், வேறொரு கம்பெனி தனக்கென்று ஒன்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடத்தித்தான் டாம், டாப் இரண்டையும் அரசு தரமாக்கினார்கள். வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் டிஸ்கியிலேயே தொடர்ந்தார்கள். சில தளங்கள் வாசகன் கணினியில் எழுத்துரு நிறுவாமலே தெரிய வேண்டும் என்பதற்காக, பக்கத்தோடு சேர்ந்து இறங்கும் எழுத்துருவைப் பயன்படுத்தின. அது குறிப்பிட்ட உலாவியில் மட்டும் வேலை செய்யும்.

விண்டோஸ் 2000-இலும் எக்ஸ்பியிலும் 'லதா' எழுத்துரு வந்த பிறகு யூனிகோடு மெல்ல எல்லாவற்றையும் ஒரே வழிக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அரசு அதை ஏற்றுக்கொண்டது 2010-இல். நல்லதுதான். ஆனால் பழைய பக்கத்தைக் காப்பகத்தில் தோண்டி எடுத்தாலும், திறந்தால் தெரிவது புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளின் குப்பை. அதைத் தமிழாக்குவது ஒரு நிரல் எழுதினால் முடிகிற வேலைதான், ஆனால் சூட்சுமம் உண்டு. 'கொ' என்ற எழுத்தை டிஸ்கியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் வைப்பார்கள்: முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். யூனிகோடில் க முதலில், உயிர்க்குறி பின்னால். ஆக ஒவ்வொரு கொம்பையும் பிடுங்கி, எழுத்துக்குப் பின்னால் நட்டு, கால் இருந்தால் அதையும் சேர்த்துக் கட்ட வேண்டும். டாப் எழுத்துருவுக்கு எண்களே வேறு. எந்தக் குறியேற்றம் என்று பக்கத்தில் எழுதியிருக்க மாட்டார்கள். கதையின் நாலு வரியை வைத்துக்கொண்டு ஊகிக்க வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வது இந்த வேலை.

இதுவும் காப்பகத்தில் பக்கம் இருந்தால்தான். ஜியோசிட்டீஸ் இலவசமாகக் கொடுத்த இடத்தில் தமிழர்கள் பலர் தளம் வைத்திருந்தார்கள். 2009 அக்டோபரில் யாஹூ அதை மூடியது. யாஹூ குழுமங்களில் இருந்தவற்றை 2019 டிசம்பரில் அழிக்க ஆரம்பித்து, 2020 டிசம்பரில் குழுமங்களையே மூடிவிட்டது. சொந்தப் பெயர் வாங்கித் தளம் நடத்தினவர்கள் கதி இன்னும் மோசம். முகவரிக்கு ஆண்டுச் சந்தா கட்டாமல் விட்டால் யாரோ எடுத்துக்கொள்வார்கள். முன்பெல்லாம், அப்படி எடுத்த புதுக்காரர் 'இங்கே தேடுபொறி வரக்கூடாது' என்று ஒரு சின்னக் கோப்பை வைத்துவிட்டால், இணையக் காப்பகம் அதற்கு மரியாதை கொடுத்து அந்த முகவரியின் பழைய பக்கங்களையும் சேர்த்து மறைத்துவிடும். வீட்டை விலைக்கு வாங்கியவன் முந்தைய குடித்தனக்காரரின் போட்டோ ஆல்பத்தையும் பூட்டி வைத்த மாதிரி.

சரி, பேப்பர் மட்டும் சாகாதா? சாகும். ஆனால் வேறு மாதிரி சாகும். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' ஆரம்பித்தார். 1970-இல் நின்றது. மொத்தம் 119 இதழ். புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்தார் அந்த மனிதர். 'எழுத்து' நின்றபோது அதன் பழைய இதழ்கள் நிற்கவில்லை. அவை ஏற்கெனவே சில நூறு வீடுகளில் இருந்தன. செல்லப்பாவே விரும்பினாலும் அவற்றை அழித்திருக்க முடியாது. அச்சு இதழ் வாசகன் கைக்கு வந்த நிமிஷமே அது வாசகனுடையது. இணைய இதழ் கடைசிவரை நடத்துகிறவருடையது. நாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறோம், அவ்வளவுதான்.

திருச்சுழியிலிருந்து மானாமதுரை, சிவகங்கை என்று வடகிழக்கே போனால் காரைக்குடிப் பக்கம் கோட்டையூர் வரும். அங்கே ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். சென்னையில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்து ஊருக்குத் திரும்பியவர். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று கையில் கிடைத்த அச்சுத்தாளை எல்லாம் சேர்த்தார். சுமார் ஒரு லட்சம் உருப்படி. 1992-இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியது. 1994-இலிருந்து அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. இன்று தமிழ் அச்சு வரலாறு எழுதுகிற யாரும் அந்த வாசல் மிதிக்காமல் எழுத முடியாது. புதுக்கோட்டை ஞானாலயா இன்னோர் உதாரணம். இவர்களை யாரும் நியமிக்கவில்லை. மழை குறைந்த பக்கத்துக்காரர்களுக்குச் சேர்த்து வைக்கிற புத்தி கொஞ்சம் அதிகமோ என்னவோ.

அரசும் ஒரு வேலி போட்டிருந்தது. 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட இன்னும் மூன்று நூலகங்களுக்கும் போக வேண்டும். அது தாளுக்கான சட்டம். பிரிட்டன் 2013-இல் இணையப் பக்கங்களையும் தன் ஒப்படைப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நம் இணைய இதழ்களுக்கு அப்படி ஒரு கன்னிமாரா இல்லை.

அப்போது நாமே ரோஜா முத்தையாவாக வேண்டியதுதான் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் இணையத்தில் 'எடுத்து வைப்பது' பத்தாது. தாளை அலமாரியில் போட்டுப் பூச்சி மருந்து வைத்தால் ஐம்பது வருஷம் கிடக்கும். தளத்துக்கு ஆண்டுதோறும் ஆள் வேண்டும். முகவரிக்குப் பத்தாண்டுக்கு மேல் முன்பணம் கட்ட முடியாது, விதி அப்படி. இணையத்தில் ஒரு பெயரை யாரும் வாங்குவதில்லை, குத்தகைக்குத்தான் எடுக்கிறோம். மென்பொருளைப் புதுப்பிக்காவிட்டால் ஆறு மாதத்தில் எவனாவது உள்ளே புகுந்து சூதாட்ட விளம்பரம் போட்டுவிடுவான். எங்கள் பக்கத்துக் கண்மாயும் இதே கதைதான். வறட்சியால் எந்தக் கண்மாயும் அழியவில்லை. வரத்துக்கால் தூர்ந்து, மடையைப் பார்க்க ஆளில்லாமல், உள்வாயில் சீமைக்கருவேலம் ஏறித்தான் அழிந்தது. ஒரு காலத்தில் நீர்பாய்ச்சிக்கு ஊர் நெல் அளந்தது. அளப்பது நின்றது, அவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

ஓயாமல் பராமரித்தாக வேண்டிய ஒன்றை எப்படி நிரந்தரமாக்குவது? இந்தக் கேள்வி புதிதில்லை. நம் ஆட்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இதற்கு ஒரு வடிவமைப்பு செய்து கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். திருச்சுழிக்கு அருகே பள்ளிமடம் கோயிலில் பாண்டியர் காலக் கல்வெட்டுகள் உண்டு. பாண்டிய நாட்டிலும் சோழ நாட்டிலும் கோயில் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் விஷயம் நந்தா விளக்கு. அணையாத விளக்கு. ஒருவர் கோயிலுக்கு விளக்கு கொடுக்க நினைக்கிறார். விளக்கை மட்டும் கொடுத்தால் எண்ணெய் தீர்ந்ததும் அணைந்துவிடும். பணம் கொடுத்தால் செலவாகிவிடும். அதனால் ஆடு கொடுத்தார்கள். ஓர் இடையர் அந்த ஆடுகளைப் பொறுப்பேற்று, தினமும் அளந்த நெய் கொடுக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் என்று கணக்கு. கல்வெட்டு இந்த ஆடுகளை 'சாவா மூவாப் பேராடு' என்று சொல்லும். சாகாத, கிழடு தட்டாத ஆடு. ஆடு சாகத்தான் செய்யும். குட்டியும் போடும். தலைக்கணக்கு மாறக்கூடாது, அதுதான் பொருள். யார் பொறுப்பு, அவர் தவறினால் யார் ஜாமீன் என்பதும் எழுதியிருக்கும்.

ஒரு மென்பொருள் ஆள் இதைப் படித்தால் கை தட்டத் தோன்றும். எதுவும் சாகாது என்று நம்பி ஆரம்பிக்கிற அமைப்பு இல்லை இது. ஒவ்வொன்றும் சாகும் என்று தெரிந்து, மாற்று வருகிற வழியையும் பொறுப்பாளியின் பெயரையும் சேர்த்து எழுதிய அமைப்பு. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் 1999-இல் 'லாக்ஸ்' என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். மின்னிதழ்களை ஒரே இடத்தில் வைக்காமல், பல நூலகங்களில் நகல்களாக வைத்து, ஒன்று கெட்டால் இன்னொன்றிலிருந்து சரிசெய்துகொள்வது. பிரதி நிறைய இருந்தால் பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான் தத்துவம். மந்தை என்பதும் அதேதான்.

ஸைஃபிக்ஷனுக்குத் திரும்பிப் பார்த்தால் இது தெளிவாகத் தெரிகிறது. விளக்கை ஏற்றியது ஒரு தொலைக்காட்சிச் சானல். அதை நிறுத்த அதற்கு உரிமை இருந்தது. கதைகள் பிழைத்ததற்குக் காரணம், ஆடுகள் முன்பே பல பேர் கையில் இருந்தன: தொகுப்பாளர்கள், எழுத்தாளர்கள், ஒரு காப்பகம், பட்டியல் போட்ட வாசகர்கள். அவரவர் தன் பங்கு நெய்யை ஊற்றினார்கள்.

இதழ்கள் இனியும் மூடப்படும். 2023-இல் மட்டும் பாருங்கள். பிப்ரவரியில் இயந்திரம் எழுதிய கதைகள் வெள்ளம் போல் வந்து 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' இதழ் கதை வாங்குவதையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தது. செப்டம்பரில் அமேசான் கிண்டிலில் இதழ்ச் சந்தா விற்பதை நிறுத்தி, சின்ன இதழ்களின் வருமானத்தில் கை வைத்தது. அக்டோபரோடு 'ஃபேண்டஸி' இதழ் நின்றது. ஹ்யூகோ வாங்கினவர்களுக்கே இந்தக் கதி என்றால், தமிழில் நாலு நண்பர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து நடத்துகிற இதழ் எத்தனை நாள்? பிள்ளை பிறக்கும், ஆன்சைட் வரும், அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போகும். மூடுவதில் அவமானம் ஒன்றும் இல்லை. செல்லப்பா மூடவில்லையா?

ஆனால் மூடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தளத்தை வெறும் பக்கங்களாக உருமாற்றிவிட்டால் புதுப்பிக்கிற தொல்லை போகும். எல்லா இதழ்களையும் யூனிகோடில் மின்னூலாக்கி, யார் வேண்டுமானாலும் இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று எழுதிப் போடலாம். உரிமையை எழுத்தாளருக்குத் திருப்பிக் கொடுத்து, காப்பகத்தில் வைக்க மட்டும் ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம். ஒரு பிரதியை இணையக் காப்பகத்தில் ஏற்றலாம். முகவரியை யார் புதுப்பிப்பார், அவர் முடியாதென்றால் யார் என்று இரண்டு பெயர் குறித்து வைக்கலாம். ஒரு சனி ஞாயிறு வேலை. இதழ் நன்றாக நடக்கும்போதே செய்துவிட்டால் இன்னும் நல்லது. வீட்டில் எல்லாரும் நல்லபடியாக இருக்கும்போது உயில் எழுதுகிற மாதிரி.

வாசகனுக்கும் வேலை உண்டு. அதை எனக்குக் காட்டியவர் அருப்புக்கோட்டையில் நாலு விசைத்தறி ஓட்டுகிற ஓர் அண்ணன். அந்தக் காலத்தில் பிரவுசிங் சென்டரில் எனக்குப் பக்கத்து நாற்காலி. பிடித்த கதை வந்தால் படிக்கக்கூட மாட்டார், உடனே பிரிண்ட். பக்கத்துக்கு மூன்று ரூபாய். "எதுக்குண்ணே காசைக் கரியாக்குறீங்க, நாளைக்கும் இங்கனதான இருக்கப்போவுது?" என்று கேட்டேன். "கரண்டு போனா உன் கம்ப்யூட்டர் இருண்டுரும் தம்பி. தாள்ல இருந்தா வெளக்கப் பொருத்தி வச்சாவது படிக்கலாம்ல" என்றார். தறி ஓட்டுகிறவருக்கு மின்வெட்டு எப்போதும் முதல் கவலை.

போன தைக்கு ஊருக்குப் போனபோது அந்தத் தாள்களைக் காட்டினார். கணக்கு நோட்டு மாதிரி ரெக்சின் அட்டை போட்டு மூன்று பைண்டு. நாற்பத்தோரு கதை. கைபேசியில் படமெடுத்து வந்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். அவற்றில் பத்தொன்பது கதை நான் தேடியவரை இணையத்தில் எங்கும் இல்லை. குறியேற்றக் குப்பையாகக்கூட இல்லை. தறிக்காரர் ஒருவர் மூன்று ரூபாய் கொடுத்ததால் மட்டும் இருக்கிற கதைகள்.

அதில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். மழையை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற ஒரு கம்பெனி. ஒரு மானாவாரிக் கிராமம் சேர்த்து வைத்த பணத்தில் மூன்று மணிநேர மழை எடுக்கிறது. எந்த மூன்று மணி, யார் காட்டுக்கு முதலில் என்று ஊர்க்கூட்டம் போட்டுச் சண்டை போடுவதிலேயே கதை முடிந்துவிடுகிறது. மழை வருவதே இல்லை. சுஜாதா சாயல் துளிக்கூடக் கிடையாது. வெயிலில் நின்ற ஆள்தான் இதை எழுதியிருக்க முடியும். பிரிண்ட் எடுத்தபோது தாளின் மேல்விளிம்பு வெட்டுப்பட்டு, தலைப்பும் எழுதினவர் பெயரும் போய்விட்டன.

நீங்கள் எங்காவது இருந்து இதைப் படிக்க நேர்ந்தால்: உங்கள் கதை அருப்புக்கோட்டையில் பத்திரமாக இருக்கிறது. இப்போது என்னிடமும், இன்னும் மூன்று நண்பர்களிடமும் பிரதி இருக்கிறது. பெயர் மட்டும் சொல்லுங்கள், போட்டுவிடுகிறோம்.